கோட்டைக்கு முந்திய ஊர்: திருவொற்றியூர் உருவான கதை

வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வடக்கே போகும் மெட்ரோ ரயிலில் அறிவிப்பைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர். ஒன்று சுங்கச் சாவடி. ஒன்று கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஒருவர் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பேட்டை. ஒன்று கோயில் தேர் நிற்கும் இடம். கடைசியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. சில நிமிடப் பயணத்துக்குள் நான்கு வேறு காலங்கள் வந்து போகின்றன. வயதில் மூத்தது தேரடி. மற்ற மூன்றும் அதற்கு வெகுகாலம் பிந்தியவை.

திருவொற்றியூரைச் சென்னையின் புறநகர் என்று சொல்வது இன்றைய நிர்வாகக் கணக்குக்குச் சரி. ஆனால் 1639-இல் ஆங்கிலேயர் மதராசபட்டினத்தில் ஒரு துண்டு மணலை வாங்கியபோது, வடக்கே சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி இந்த ஊர் ஏற்கெனவே கிழண்டு போயிருந்தது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் இங்கே வந்து பாடியிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட அபராசித பல்லவன் காலத்துக் கல்வெட்டுகள் இங்குள்ள சிவன் கோயிலில் இருக்கின்றன. ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் ஊருக்கும் இடையே குறைந்தது எழுநூற்றைம்பது ஆண்டு இடைவெளி. புறநகர் எப்படித் தோன்றியது என்ற கேள்வி இங்கே பொருந்தாது. இவ்வளவு பழைய ஊர் எப்படிப் புறநகர் ஆக்கப்பட்டது என்று கேட்பதே பொருத்தம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கிழக்கே கடல். மேற்கே இன்று பக்கிங்காம் கால்வாய் ஓடும் தாழ்ந்த சதுப்பு. வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். நடுவில் தெற்கு வடக்காக நீண்ட மணல்மேடு. கடலோர மணல்மேட்டில் மழைநீர் கீழே தங்கும், கிணறு தோண்டினால் குடிக்கத் தகுந்த தண்ணீர் கிடைக்கும். நெல்லுக்கு இது ஏற்ற மண் இல்லை. ஆனால் தென்னை, பூந்தோட்டம், மீன்பிடிக் குப்பம், கோயில் ஆகியவற்றுக்குத் தோதான இடம். நெல் மேற்கேயுள்ள ஏரிப்பாசன ஊர்களிலிருந்து வந்தது. சோழர் ஆவணங்களில் ஊருக்கான முகவரி ஜயங்கொண்ட சோழ மண்டலத்துப் புழல் கோட்டம். இன்றைக்குச் சென்னைக்குக் குடிநீர் தரும் அதே புழல்தான் அந்தக் கோட்டத்தின் தலை.

நெல் விளையாத இடத்தில் ஓர் ஊர் பெருத்தது எப்படி? கோயிலின் பொருளாதாரத்தில்தான் விடை இருக்கிறது. திருவொற்றியூர்க் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் விஷயம் விளக்கு. ஒருவர் நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு வைக்க விரும்பினால் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்குத் தருவார். ஆடுகள் இடையர் பொறுப்பில் போகும். அவர் நாள்தோறும் அளந்த நெய் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்கு குறையாது, குட்டி போட்டு ஈடாகிவிடும் என்பது ஏற்பாடு. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். ஆடு இல்லாதவர் பொன் தருவார். அந்தப் பொன் ஏதாவது ஓர் ஊர்ச் சபையிடம் முதலாகப் போகும், வட்டி கோயிலுக்கு வரும். இந்த வட்டிக்குக் கல்வெட்டில் 'பொலிசை' என்று பெயர். கழஞ்சு, மஞ்சாடி இரண்டும் பொன் நிறுக்கும் எடைகள். கழஞ்சுக்கு ஆண்டுக்கு மூன்று மஞ்சாடி என்பது அந்தக் காலத்தில் அடிக்கடி வரும் விகிதம். ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, ஆக 15 விழுக்காடு. இன்றைய நகைக்கடன் வட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

இப்படிச் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் கோயிலிடம் கடன்பட்டு, கோயிலுக்கு நெல்லும் நெய்யும் அளந்தன. பணம் ஓரிடத்தில் சேர்ந்தால் ஆட்களும் சேர்வார்கள். செக்கார், பூத்தொடுப்பவர், தச்சர், ஆடல் பாடல் மகளிர், மடத்துத் துறவிகள், கணக்கெழுதுவோர் எல்லாரும் இங்கே வந்து தங்கினார்கள். சேக்கிழார் சொல்லும் கலிய நாயனார் இந்த ஊர்ச் செக்கார். கோயிலுக்கு விளக்கெரித்தே செல்வம் கரைந்து, கூலிக்குச் செக்காட்டி, அதுவும் இல்லாமல் போனபோது எண்ணெய்க்குப் பதில் தன் குருதியை ஊற்றத் துணிந்தவர். பக்தியை ஒருபுறம் வையுங்கள். எண்ணெய் வணிகர்கள் ஒரு தெருவாகக் குடியிருந்த, கூலிக்குச் செக்கு ஓட்ட ஆள் தேவைப்பட்ட, வாங்க ஆளில்லாமல் போனால் ஒரு குடும்பம் நொடித்துவிடக்கூடிய ஓர் ஊர் அந்தக் கதைக்குள் தெரிகிறது. சங்கிலி நாச்சியார் கதையும் அப்படித்தான். பக்கத்து ஞாயிறு என்னும் ஊரிலிருந்து வந்து, கன்னிமாடத்தில் தங்கி, கோயிலுக்கு மாலை தொடுத்த பெண். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து அவரை மணந்த சுந்தரர், திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்தார். ஊருக்கு இன்னது எல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தானே இப்படி ஒரு கதை நிற்கும்?

அப்புறம், இந்த ஊர் வரலாற்றில் என்னை மிகவும் இழுத்த மனிதர் ஒருவர் இருக்கிறார். பெயர் வெள்ளன் குமரன். மலைநாட்டுக்காரர், அதாவது இன்றைய கேரளத்தவர். முதலாம் பராந்தகச் சோழனின் மகன் இராசாதித்தனிடம் படைத்தலைவராக இருந்தார். திருமுனைப்பாடி நாட்டில் இளவரசனோடு தங்கியிருந்தபோது கிராமம் என்னும் ஊரில் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில் ஒன்றையும் எழுப்பினார். 949-இல் தக்கோலப் போர் வந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதிய இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். அந்த நேரத்தில் வெள்ளன் குமரன் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சாகக் கொடுத்து வைக்கவில்லையே என்ற வருத்தம் அவரைத் துறவியாக்கியது. வடக்கே வந்து, திருவொற்றியூர் மடத்தில் சேர்ந்து, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் அதன் தலைவரானார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தக்கோலத்துக்குப் பிறகு தொண்டை மண்டலம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கிருஷ்ணன் கையில் இருந்தது. திருவொற்றியூர்க் கோயிலில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் என்று அவன் பெயர் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. சதுரானனர் தன் கதையைக் கல்லில் பதித்தது அந்தக் கன்னரதேவன் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டுத்தான். தன் இளவரசனைக் கொன்றவனின் ஆட்சியில், அவன் ஆண்டுக் கணக்கிலேயே, தன் துக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். யாரும் தடுக்கவில்லை. கோயிலுக்குப் பொன் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்பதுதான் முக்கியம், தஞ்சையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது இரண்டாம்பட்சம். இந்த நிலை ஊருக்கு நல்லதாகவே அமைந்தது. அரசுகள் மாறினாலும் கொடை நிற்கவில்லை.

சதுரானன பண்டிதர் என்பது பிறகு ஒரு பட்டமாகிவிட்டது. அடுத்தடுத்து வந்த மடத்தலைவர்களும் அதே பெயரில் வருகிறார்கள். முதலாம் இராசேந்திரன் காலத்தில், அப்படி ஒரு சதுரானனர் சொல்ல, கருவறை விமானம் கருங்கல்லில் எழுப்பப்பட்டது. கட்டிய தச்சனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: இரவி என்கிற வீரசோழத் தச்சன். நம் கோயில்களில் கட்டச் சொன்ன அரசன் பெயர் நூறு இடத்தில் இருக்கும், உளி பிடித்தவன் பெயர் அபூர்வம். அந்த விமானத்தின் பின்பக்கம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். தொண்டை மண்டலத்தில் அதிகம் காணும் பழைய பாணி அது. உள்ளே மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பு. அந்த மூன்று நாளும் சன்னதித் தெருவில் நடக்க இடம் இருக்காது.

12-ஆம் நூற்றாண்டில் ஊரின் அந்தஸ்து உச்சத்தில் இருந்தது. இரண்டாம் இராசாதிராசன் பங்குனி உத்திரத்துக்கு நேரில் வந்து, திருமகிழின் கீழ் ஆளுடைய நம்பியின் புராணம் சொல்லக் கேட்டதாக ஒரு கல்வெட்டு பேசுகிறது. ஆளுடைய நம்பி என்றால் சுந்தரர். உடன் சதுரானன பண்டிதரும், சைவத்தின் ஒரு பிரிவான சோமசித்தாந்தம் விளக்கிய வாகீசுவர பண்டிதரும் இருந்தார்கள். சேக்கிழார் பாடி முடித்துச் சில பத்தாண்டுகளே ஆகியிருக்கும். சத்தியம் நடந்ததாகச் சொல்லும் அதே மரத்தடியில் அதே கதையை ஓர் அரசன் உட்கார்ந்து கேட்கிறான். மாசி மாதத்து மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. இன்னொரு பக்கம், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இங்கே இலக்கணம் கற்பிக்க வியாகரணதான மண்டபம் என்று ஒரு மண்டபமும் அதற்கு நிலக்கொடையும் இருந்தன. வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினிக்குச் சிவன் இலக்கணம் சொன்னது இந்த இடத்தில்தான் என்று ஊரார் உரிமை கொண்டாடினார்கள். பாணினி எங்கே, திருவொற்றியூர் எங்கே! ஆனாலும் வடமொழி இலக்கணப் பள்ளி ஒன்று கடலோரத்தில் நடந்தது உண்மை.

பணமும் ஆளும் சேர்ந்த இடத்தில் பூசலும் வரும். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆண்டபோது, கோயில் பணிமகளிரில் பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்ற பிரிவினரிடையே தகராறு. யார் பாடுவது, யார் ஆடுவது, யார் கவரி வீசுவது, அரிசி சுத்தம் செய்வது யார் தலையில் விழும் என்பது சண்டை. இராசநாராயண சம்புவராயன் காலத்தில் ஒரு தீர்வு எழுதினார்கள், அது நிலைக்கவில்லை. விசயநகரத்துக் கம்பண உடையார் காலத்தில் மறுபடியும் விசாரணை வைத்து, வேலைப் பங்கீட்டை வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். பின்னாளில் தொழிற்சங்கக் கொடிகள் பறந்த இந்தப் பகுதியின் முதல் பணிப்பிரிவினை ஒப்பந்தம் என்று இதை நான் துணிந்து சொல்வேன். கையெழுத்துப் போட்டவர்களில் பெண்கள் இருந்தார்களா என்பது வேறு கதை, விஷயமே பெண்களின் வேலைதான்.

அடுத்த முந்நூறு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். விசயநகரம் தளர்ந்தது, கோல்கொண்டா வந்தது, பிறகு முகலாயரும் நவாபும் வந்தார்கள். கடற்கரையில் வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர், தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர், நடுவில் ஆங்கிலேயர்.

திருவொற்றியூர் கும்பினி கைக்கு வந்தது 1708-இல். முகலாயரின் நவாப் தாவூத் கான், கவர்னர் தாமஸ் பிட்டுக்கு ஐந்து கிராமங்களை அளித்தார்: திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். பிட் அனுப்பிய சீமைச் சாராயம் நவாபுக்கு மிகவும் பிடித்திருந்தது என்பது அந்தக் காலத்துப் பரவலான செய்தி. ஐந்தில் நான்கு வடக்கே இருப்பதைக் கவனிக்கலாம். கோட்டைக்கு வடபக்கம்தான் அப்போது வியாபாரத்தின் திசை. சில ஆண்டுகளில் நவாப் தரப்பு ஊர்களைத் திரும்பக் கேட்டது. 1717-இல் தில்லி பாதுஷா பரூக்சியாரின் பர்மானை, அதாவது அரச ஆணையைக் காட்டிக் கும்பினி மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டிலேயே திருவொற்றியூரில் ஒரு சிறு சண்டையும் நடந்தது. பெரிய போர் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பிறகு ஊரின் வரி கோட்டைக்குப் போனது, வசூல் குத்தகைக்காரர் கைக்குப் போனது.

அப்போது கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட், 1717 முதல் 1720 வரை. திருவொற்றியூரின் தென்கோடியில் நெசவாளர்களுக்காக ஒரு பேட்டையை உண்டாக்கினார். காலெட் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. நூற்றுச் சொச்சம் வீடு, சில கடை, ஒரு பெருமாள் கோயில் என்று தொடங்கியது. அந்தக் கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலுக்கு ஊரில் ஒரு கதை உண்டு. கவர்னரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சி வரதரைத் தரிசிக்காமல் வேலைக்கு வரமாட்டார், அதனால் தாமதமாகும். அவர் பக்தியைச் சோதித்து வியந்த துரை, இங்கேயே கோயில் கட்டிக் கொடுத்தார் என்பார்கள். அழகான கதை, இருக்கட்டும். கும்பினிக்கு அன்று உயிர்மூச்சே துணி. உள்நாட்டில் நெய்த துணி கோட்டைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ சுங்கம், எத்தனையோ படை நடமாட்டம். தறியையே பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் தொல்லை விட்டது. காலடிப்பேட்டையில் நெசவு, துணி வெளுக்க வண்ணாரப்பேட்டை, கப்பலேற்றக் கோட்டைக் கடற்கரை. வடசென்னையின் முதுகெலும்பான டி.எச். ரோடு என்னும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை இந்தத் துணிப்பாதையின் மேல்தான் படுத்திருக்கிறது. இதே யோசனையில் சிந்தாதிரிப்பேட்டை உருவானது அதற்குப் பிறகு, 1730-களில்.

கோயில் நகரம் தானே வளர்ந்தது. காலடிப்பேட்டை, ஒரு வெளியாளின் தேவைக்காகத் திட்டமிட்டு நட்ட குடியிருப்பு. திருவொற்றியூர் புறநகராகத் தொடங்கியது அந்த நாளில்தான் என்பது என் கணிப்பு. அதற்குப் பிறகு இங்கே வந்த எல்லாமே நகரத்துக்கு எது வேண்டுமோ அதைப் பொறுத்து வந்தவை.

அடுத்து வேண்டியது விறகும் உப்பும். 1806-இல் பாசில் காக்ரேன் என்பவர் மதராசிலிருந்து எண்ணூர் வரை சுமார் 18 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வெட்டி முடித்துப் படகுகளிடம் கட்டணம் வசூலித்தார். 1837-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டிய மக்களால் கால்வாய் தெற்கே நீண்டு, பக்கிங்காம் பிரபு பெயரைப் பெற்றது. உப்பு 1805 முதல் அரசின் ஏகபோகம். எண்ணூர்ப் பக்கத்து அளங்களிலிருந்து உப்புப் படகுகள் இந்த வழியாக நகரத்துக்குள் போயின. இதே காலத்தில் நகரத்துப் பணக்காரர்களுக்கும் பக்தர்களுக்கும் திருவொற்றியூர் ஒரு நாள் பயணத்தில் போய்வரும் இடம். தியாகராசர் இங்கே வந்து திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். ஏழுகிணற்றில் குடியிருந்த இளம் இராமலிங்கர், வடலூருக்கு வள்ளலாராகப் போவதற்கு முன், இங்கே நடந்து வந்து வடிவுடையம்மனைப் பாடியவர். கடற்கரையில் பட்டினத்தார் சமாதி.

1899-இல் வடக்கு ரயில் பாதை வந்தது. ஆலைக்கு வேண்டிய எல்லாமே இப்போது கூடிவிட்டன: ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் கால்வாய், பக்கத்தில் துறைமுகம், பயிர் விளையாததால் மலிந்து கிடந்த மணல் நிலம், மாநகராட்சி எல்லைக்கு வெளியே என்ற சௌகரியம். 1920-களில் ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தின் விம்கோ ஆலை வந்தது. 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். 1955-இல் ராணுவத்துக்காக என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள்கள் சீமையிலிருந்து உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்டன. 1948-இல் உருவாகிப் பக்கத்து எண்ணூரில் ஆலை வைத்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1960-களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஒரு தலைமுறைக்குள் ஊரின் நேரத்தைக் கோயில் மணியோடு ஆலைச் சங்கும் சொல்லத் தொடங்கியது. தெலுங்கு பேசுவோர், தென்மாவட்டத்தார், மலையாளிகள் என்று ஷிப்ட் வேலைக்கு வந்தவர்கள் மாட வீதிகளுக்கு வெளியே புதிய நகர்களை நிரப்பினார்கள்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது கிழக்குப் பக்கம். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களின் நடுவில் தொடங்கி, 1881 புயலில் உடைந்து, மறுபடி கட்டி 1896-இல் முடித்த துறைமுகத்தின் கைகள் அந்த மணலை மறித்துவிட்டன. தெற்கே தேங்கிய மணலில் மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. மாலையில் மெரினா மணலில் சுண்டல் சாப்பிடும் நகரத்துக்கு, அந்த மணலில் ஒரு பங்கு வடக்குக் குப்பங்களின் வாசலுக்கு உரியது என்பது தெரியாது. திருவொற்றியூர்க் கரையில் இன்று இருப்பது கருங்கல் குவித்த தடுப்பும், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும். கட்டுமரம் ஏற்றி வைக்க இருந்த மணல் பல குப்பங்களில் இல்லை. கோயில் கட்டியபோது கடல் எவ்வளவு தள்ளி இருந்ததோ, அவ்வளவு தள்ளி இப்போது இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நிர்வாகக் கதை சுருக்கமானது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர் 1997-இல் புதிய திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. தனி நகராட்சியாக இருந்து, 2011-இல் கத்திவாக்கத்தோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அப்போது மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டரை லட்சம். 2018-இல் சென்னை மாவட்டமும் விரிந்து ஊரைச் சேர்த்துக்கொண்டது. மாநகராட்சி தன் 15 மண்டலங்களுக்கும் வடக்கிலிருந்து எண் போட்டதால் திருவொற்றியூர் முதலாம் மண்டலம். மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது, தேரடி நிலையம் அதற்குப் பிறகு திறந்தது.